வேகஸிலிருந்து ஒரே நாளில் ஆன்டெலோப் கேன்யன்: முட்டிவலிக்காரரை அழைத்துப் போகலாமா?

கெடிலக்கரை:

வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். ஜூலை கடைசியில் நானும் வீட்டுக்காரம்மாவும் லாஸ் வேகஸில் மூன்று நாள் இருக்கப் போகிறோம். மாப்பிள்ளைக்கு அங்கே ஆபீஸ் மாநாடு, பெண்ணுக்குக் கைக்குழந்தை, ஆக அவர்கள் இருவரும் ஓட்டலை விட்டு நகர முடியாது. "நீங்க ரெண்டு பேரும் ரூமுக்குள்ள உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க" என்று பெண் ஒரு டூர் பார்த்து வைத்திருக்கிறாள். ஒரு வேனில் 14 பேர்தான், ஓட்டுகிறவரே வழிகாட்டி, காலை ஐந்தரைக்கு ஓட்டல் வாசலில் ஏற்றி ஆன்டெலோப் கேன்யன் என்கிற பாறை இடுக்கு, ஹார்ஸ்ஷூ பெண்ட் என்கிற ஆற்று வளைவு இரண்டையும் காட்டி ராத்திரி எட்டரை ஒன்பதுக்குக் கொண்டுவந்து விடுவார்களாம். தலைக்கு 250 டாலர் சொச்சம். நம் காசில் இரண்டு பேருக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது, அதைக் கேட்டதுமே இவள் "வேணாங்க" என்று ஆரம்பித்துவிட்டாள், பெண் கேட்பதாக இல்லை.

என் கவலை காசு இல்லை. இவளுக்கு வயது 57, இரண்டு முட்டியிலும் தேய்மானம். திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் சன்னதிக்கு எழுபது சொச்சம் படி ஏறுவாள், ஆனால் நடுவில் மூன்று தடவை உட்காருவாள், இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கிறது என்பாள். டூர் பக்கத்தில் "அப்பர்", "லோயர்" என்று இரண்டு கேட்கிறார்கள். லோயர் கொஞ்சம் விலை குறைவு, கீழே இருக்கிறது என்றால் ஏற வேண்டாமே என்று அதையே போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். எனக்கு இங்கிலீஷ் சமாளிக்கிற அளவுக்கு வரும், மின்வாரியத்தில் முப்பது வருஷம் ஃபைல் எழுதிய இங்கிலீஷ், அவர்கள் பேசுகிற வேகத்துக்கு எட்டாது. அதிலும் வேனில் எல்லாரும் வெளி ஆட்கள். யாராவது அப்பா அம்மாவை இப்படி அனுப்பியிருந்தால், அல்லது நீங்களே போயிருந்தால், ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பாகூர்_ஏரி:

சார், முதலில் அந்த லோயரை விடுங்கள், கை வைக்காதீர்கள். எல்லாரும் மாட்டுகிற இடம் இதுதான். அப்பர், லோயர் என்பது மாடிக்கணக்கு இல்லை, ஒரே ஓடை வெட்டிய இரண்டு இடுக்குகள், மேல்புறம் இருப்பது அப்பர், கீழ்ப்புறம் இருப்பது லோயர், அவ்வளவுதான். அப்பரில் மணல் தரையில் சமமாக நடந்து உள்ளே போகலாம். லோயருக்குத்தான் தரையிலிருந்து பூமிக்குள் இறங்க வேண்டும். இரும்பு ஏணிப்படி, சில இடத்தில் பாதத்தை முழுசாக வைக்க முடியாது, கம்பியைப் பிடித்துத் திரும்பி நின்று இறங்குகிற மாதிரி. உள்ளே போனபிறகு அடி இன்னும் குறுகலாக இருக்கும், ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்துப் போகிற இடங்கள் உண்டு. இறங்கும்போது வலிக்கிறது என்கிறவருக்கு அது சரிப்படாது.

2023 மே மாதம் எங்கள் அப்பா அம்மாவை நானே இதே மாதிரி ஒரு வேனில் கூட்டிப் போனேன், அப்பாவுக்கு அப்போது 66. அப்பருக்கும் ஒரு விஷயம் உண்டு, டூர் பக்கத்தில் பெரிதாகப் போட மாட்டார்கள். முன்பெல்லாம் உள்ளே போன வழியாகவே திரும்பி வருவார்களாம். இப்போது ஒருவழிப்பாதை, மறுபக்கம் வெளியேறி, பாறைக்கு மேலே போட்டிருக்கும் சாய்தளமும் இரும்புப் படியுமாகச் சுற்றி வண்டிக்கு வர வேண்டும். அம்மா அங்கேதான் திணறினார். அவசரப்படுத்தவில்லை, நவஹோ என்கிற பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டிப் பெண் பக்கத்திலேயே நின்று கூட்டி வந்தாள். ஹயக்ரீவர் படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவர் இதைத் தாண்டிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் "சமதரை" என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பாதீர்கள்.

இன்னொன்று, வேன் ஓட்டி வருகிற வழிகாட்டி கேன்யனுக்குள் வர மாட்டார். அந்த இடம் நவஹோ பழங்குடியினரின் நிலம், அவர்களுடைய அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. அவர்களே ஆளுகிற நவஹோ நாடு என்றால் ஏதோ நாலு கிராமம் என்று நினைத்திருந்தேன், பரப்பளவு 70,000 சதுர கிலோமீட்டர் சொச்சம், நம் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். அரிசோனாவில் பேஜ் என்கிற ஊரில் உங்களை அவர்களிடம் ஒப்படைப்பார்கள், அவர்கள் ஒரு டிரக்கில் ஏற்றி மணல் ஓடை வழியாகக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோவார்கள். மாட்டுவண்டியில் போனவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இடுப்புவலி இருந்தால் நடுவில் உட்காரச் சொல்லுங்கள்.

வேனில் முன்வரிசை கேட்டு வாங்குங்கள். புக் செய்யும்போதே "முட்டிவலி, காலை நீட்ட இடம் வேண்டும்" என்று எழுதிப் போட்டால் தருகிறார்கள். பெரிய பஸ்ஸுக்கும் இதற்கும் அங்கேதான் வித்தியாசம், பஸ்ஸில் ஐம்பது பேர் டாய்லெட் போய் வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும்.

முத்தியால்பேட்டை:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேகஸிலிருந்து பேஜ் ஒரு வழி சுமார் 450 கிலோமீட்டர். பாண்டியில் காலையில் கிளம்பி திருநெல்வேலி போய், அல்வா வாங்கி, அன்று ராத்திரியே திரும்பி வருவீர்களா? ஒன்பது மணி நேரம் வேனில், கேன்யனுக்குள் ஒன்றரை மணி நேரம், ஹார்ஸ்ஷூ பெண்டில் ஒரு மணி நேரம், சாப்பாடு முக்கால் மணி நேரம். இதுதான் அந்த 250 டாலர் நாள். ரோடு நன்றாக இருக்கிறது, அது வேறு, ஆனால் முட்டியை மடக்கி உட்கார்ந்தால் அமெரிக்க ரோடு என்ன, நம்ம ஈசிஆர் என்ன. ஆசை இருந்தால் பேஜில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

தண்ணீர் மண்ணை எப்படி அறுக்கும் என்று பார்க்க நாற்பதாயிரம் எதற்கு? பொம்மையார்பாளையம் பக்கம் ஆரோவில் ஓரத்தில் செம்மண் பிளவுகள் இருக்கின்றன, மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடும்போது அறுத்தது, பிள்ளைகள் எல்லாம் "ரெட் கேன்யன்" என்று போட்டோ பிடிக்க வருகிறார்கள். டூ வீலரில் அரை மணி நேரம்.

பாகூர்_ஏரி:

அண்ணே, அந்தப் பள்ளத்தையும் பார்த்திருக்கிறேன், நல்ல இடம்தான். ஆனால் அது மண்ணரிப்பு, மரம் வெட்டி நிலம் வெறுமையானதால் வந்தது, ஆரோவில்காரர்கள் வரப்புக் கட்டி மரம் வைத்து நிறுத்தப் பார்த்தார்கள். இது பாறை. டைனோசர் காலத்து மணல்மேடு இறுகிக் கல்லாகி, அதில் வெள்ளம் புகுந்து புகுந்து உள்ளே துணி மடிப்பு மாதிரி இழைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். தூரம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதை மறுக்கவில்லை.

உப்பனாறு_05:

சார், அங்கே கண்ணாடிப் பாலம் இருக்குமே, கீழே பார்த்தால் தலை சுற்றும், அதில் நின்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்!

நெல்லிக்குப்பம்_டு_ஃபீனிக்ஸ்:

தம்பி, அது வேறு இடம். கண்ணாடிப் பாலம் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்ட், ஹுவாலபாய் என்கிற வேறு பழங்குடியினரின் நிலம், 2007-ல் திறந்தது. வேகஸிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் சவுத் ரிம் என்பது இன்னொன்று, அதற்கு நாலரை மணி நேரம். ஆன்டெலோப் மூன்றாவது. வேகஸ் ஓட்டல்களில் மூன்றையும் "கேன்யன் டூர்" என்றே விற்பார்கள், அதனால் கெடிலக்கரை சார், டிக்கெட்டில் பேஜ், ஆன்டெலோப் என்று இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முத்தியால்பேட்டை அண்ணன் சொல்கிற மாதிரி வேனில் உட்காருவதுதான் பிரச்சினை என்றால் அந்த கிராண்ட் கேன்யன் வெஸ்ட் பாதி தூரம், அதையும் யோசிக்கலாம். ஆனால் அங்கே நின்று பார்ப்பது பெரிய பள்ளம், இங்கே நடப்பது பாறைக்குள்.

இன்னொரு செலவு. 2026-லிருந்து அமெரிக்காவில் குடியிருக்காதவர்களுக்கு கிராண்ட் கேன்யன், சயான் உட்பட 11 தேசியப் பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள். சில வேன்கள் "வழியில் சயானையும் காட்டுகிறோம்" என்று சேர்த்துக்கொள்ளும், அப்படி இருந்தால் அந்த நூறு யார் தலையில் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆன்டெலோப் நவஹோ நிலம் என்பதால் இந்தக் கணக்கில் வராது, அதற்குத் தனி அனுமதிக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் டிக்கெட்டிலேயே சேர்த்திருப்பார்கள்.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. லோயரை எடுத்துவிட்டோம். "அப்பர்னா நம்ம ஊருல கல்லோட கரையேறினவர்தானே, அவர் பக்கமே போவோம்" என்று இவளே முடித்துவிட்டாள், கரையேறவிட்டகுப்பத்தில் பிறந்தவள், வேறு எப்படிப் பேசுவாள்.

முத்தியால்பேட்டை சார், தங்குகிற யோசனை நல்லதுதான், ஆனால் நடுவில் ஒரு ராத்திரி தனியாக விட பெண் சம்மதிக்கவில்லை. ஒரே நாள்தான். இன்னொரு சந்தேகம், யூடியூபில் பார்த்தேன், கேன்யனுக்குள் திடீர் வெள்ளம் வரும் என்கிறார்கள். பாலைவனத்தில் வெள்ளமா? ஜூலையில் பயம் உண்டா?

நெல்லிக்குப்பம்_டு_ஃபீனிக்ஸ்:

உண்டு சார். கடலூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் முடிந்து இங்கே மழை விட்டபிறகுதானே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் தண்ணீர் வந்து ஊர் மூழ்கியது? நம் தலைக்கு மேல் வெயில், எங்கேயோ பெய்த மழை. ஆன்டெலோப்பும் அதே கதைதான், ஆனால் நாள் கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கு. வெறும் பாறை தண்ணீரைக் குடிக்காது, பல மைலுக்கு அப்பால் கொட்டுகிற மழை அப்படியே உருண்டு வந்து அந்த ஒரே இடுக்கில் நுழையும். 1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் கேன்யனில் அப்படித்தான் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள், அந்த இடத்தில் மழையே அவ்வளவாக இல்லை. அப்போது இருந்த மர ஏணிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இருக்கும் இரும்புப் படிகள் அதற்கப்புறம் பாறையில் போல்ட் போட்டு இறுக்கியவை. வானிலை ரேடியோ வைத்திருக்கிறார்கள், சைரன் இருக்கிறது, மேல்புறத்தில் மழை என்றாலே மூடிவிடுவார்கள்.

அரிசோனாவில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம், ஜூலை ஆகஸ்டில்தான் அதிகம், அதுவும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடித்துக்கொண்டு வரும். ஆகவே உங்கள் பயம் உயிர் பயமாக இருக்க வேண்டாம், காசு பயமாக இருக்கட்டும். கேன்யன் மூடினால் பணம் திரும்ப வருமா, இல்லை வேறு ஏதாவது இடத்தைக் காட்டிவிட்டு "டூர் நடந்துவிட்டது" என்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். வேகஸ் இருக்கிற நெவாடா ஒரு நேரம், வழியில் வரும் யூட்டா ஒரு மணி நேரம் முன்னால், பேஜ் இருக்கிற அரிசோனா மற்ற மாநிலங்கள் மாதிரி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளாது, நவஹோ நாடு தள்ளும். அன்று ஒரே நாளில் உங்கள் போன் இரண்டு மூன்று தடவை மனசு மாறும். கேன்யன் டூர் நடப்பது பேஜ் நேரப்படி, ஜூலையில் அது வேகஸ் நேரமேதான். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள், அதைத் தொடாதீர்கள்.

வெள்ளி_பீச்:

அண்ணா, ஆண்கள் யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். நான் போன வருடம் போனேன். அண்ணியை அன்றைக்கு ஒரு நாள் சுடிதாரில் வரச் சொல்லுங்கள். டிரக்கில் ஏறவும் அந்த இரும்புப் படிக்கும் புடவை தடுக்கும், மேலே காற்றடித்தால் மணல் உள்ளே சரசரவென்று கொட்டும், தலையில், காதில், கொசுவத்தில் எல்லாம். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை, இல்லாதவர்கள் வெயில் கண்ணாடியாவது போட வேண்டும். கேன்யனுக்குள் கைப்பை விட மாட்டார்கள், தோள்பை, இடுப்புப்பை எதுவும் கூடாது. தண்ணீர் பாட்டிலும் போனும் மட்டும். அதனால் பிரஷர் மாத்திரை, முட்டிக்குப் போடுகிற மாத்திரை எல்லாம் பையில் வைத்து வேனிலேயே விட்டுவிட்டுத் தவிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

டாய்லெட் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்கில் நிறுத்துவார்கள், எல்லாம் சுத்தம். டிரக் ஏறும் இடத்தில் கட்டாயம் போய்விட்டு வாருங்கள், அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் கிடையாது. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நம் பெண்கள் செய்கிற தப்பு. ஜூலையில் அங்கே 38 டிகிரி சாதாரணம், வியர்வையே தெரியாது, நம் ஊர்ப் புழுக்கம் இல்லை, உடம்பில் இருக்கிற தண்ணீரைக் காற்று உறிஞ்சிவிடும். மத்தியானம் தலைவலி வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

சாப்பாட்டில் சைவம் என்று முன்பே சொன்னால் காய் வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்று கொடுப்பார்கள், குளிர்ந்து போய் இருக்கும். எங்களை நிறுத்திய கடையில் நவஹோக்காரர்கள் பொரிக்கிற ரொட்டி கிடைத்தது, நம்ம சோளாபூரிதான், பெரிதாக, மேலே பீன்ஸ் போட்டு. கறி இல்லாமல் கேட்டேன், கொடுத்தார்கள். இருந்தாலும் ஒரு பொட்டலம் புளியோதரை கையில் இருக்கட்டும்.

ஹார்ஸ்ஷூ பெண்ட் போய்வர இரண்டரை கிலோமீட்டர் கிட்ட. பாதை நன்றாகப் போட்டிருக்கிறார்கள், நிழல் பந்தல் ஒன்றிரண்டுதான், மற்றபடி வெட்டவெளி. திரும்பும்போது லேசான ஏற்றம். கடைசியில் கொலராடோ ஆறு கீழே ஆயிரம் அடியில் குதிரை லாடம் மாதிரி வளைந்து போகும். கைப்பிடிக் கம்பி ஒரு பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. கம்பி இல்லாத பாறை ஓரத்தில் போட்டோவுக்காக உட்காருகிறவர்களைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணிக்கு முடியாவிட்டால் அதை விட்டுவிட்டுப் பந்தலில் உட்காரட்டும், கேன்யனுக்காகக் காலை மிச்சம் வையுங்கள்.

கெடிலக்கரை:

போய்விட்டு வந்து பத்து நாள் ஆகிறது. கேட்டவன் வந்து சொல்ல வேண்டும் இல்லையா.

வேனில் 13 பேர். ஓட்டியவர் அறுபது வயதுக்காரர், என்னை விட நிதானமாகப் பேசினார், இங்கிலீஷ் ஒரு பிரச்சினையாகவே இல்லை. முன்வரிசை கேட்டிருந்தோம், கிடைத்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஏசி எட்டவில்லை, ஒரு குஜராத்திக் குடும்பம் போக வர ஒன்பது மணி நேரமும் அட்டையால் விசிறிக்கொண்டே வந்தது. கனாப் என்கிற ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது என் போன் ஒரு மணி நேரம் தாவிவிட்டது, கேன்யன் நேரம் தவறிவிட்டது என்று நான் பதற, இவள் கையைத் திருப்பித் தன் கடிகாரத்தைக் காட்டினாள். நெல்லிக்குப்பம் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி.

எங்களுக்கு பதினொன்றரை மணி முறை. உள்ளே நுழைந்ததும் முதலில் இருட்டு, வெளிவெயிலில் இருந்து போவதால் கண் பழக ஒரு நிமிஷம் ஆகிறது. அப்புறம்தான் சுவர் தெரிகிறது, படத்தில் காட்டுகிற ஊதா எல்லாம் கண்ணுக்குத் தெரியாது, செங்கல் நிறம், சில இடத்தில் பழுத்த பப்பாளி. வழிகாட்டிப் பையன் எல்லார் போனையும் வாங்கி ஏதோ அமுக்கிக் கொடுத்தான், அதற்கப்புறம் எடுத்த படங்களில் மட்டும் அந்த ஊதா வந்தது. ஒரு திருப்பத்தில் மேலே இருக்கிற கீறல் வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி தரை வரைக்கும் நின்றது, அதில் தூசி சுற்றிக்கொண்டே இருந்தது. இவள் கையை நீட்டி அதில் காட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் ஆள் வருகிறது என்று சொல்லியும் நகரவில்லை.

படி விஷயம் பாகூர் சார் சொன்னது அப்படியே. வெளியேறியதும் இரும்புப் படியில் நான்கு தடவை நின்றோம். ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு நான் மட்டும் போனேன், பாதிவழிப் பந்தலில் குஜராத்தி அம்மாவோடு உட்கார்ந்து இவள் புளியோதரையைப் பங்கு போட்டிருக்கிறாள், இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. திரும்பும் வழியில் மூன்று மணிக்கு மேல் வடக்கே கருகருவென்று மேகம், அந்த நேரத்து முறைக்கு இருந்தவர்களை உள்ளே விட்டார்களா என்று தெரியவில்லை.

ஒன்பது மணி நேர உட்காரல் உட்காரல்தான், முத்தியால்பேட்டை சார். மறுநாள் முழுக்க இவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை, தைலம் தீர்ந்தது.

முத்தியால்பேட்டை:

அதைத்தானே முதலிலேயே சொன்னேன். சரி, டிப்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள்? என் தங்கை அடுத்த வருடம் போகிறாளாம், கேட்கிறாள்.

கெடிலக்கரை:

வேன்காரருக்கு இரண்டு பேருக்குமாக 80 டாலர், பெண் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தாள், டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம் வழக்கமாம். கேன்யன் பையனுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது, எல்லாரும் கொடுப்பதைப் பார்த்துச் சட்டைப் பையில் தடவினேன், மாத்திரை அட்டைதான் வந்தது. குஜராத்திக்காரரிடம் 10 டாலர் கடன் வாங்கிக் கொடுத்தேன். தங்கையிடம் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.